பிரதி எடுத்தவரின் கடன்

2021 செப்டம்பர் 13 அன்று ஆப்பிள் நிறுவனம் தன் மென்பொருளில் ஓர் ஓட்டையை அடைத்தது. அதே ஓட்டை, லினக்ஸ் கணினிகளில் பிடிஎஃப் கோப்புகளைத் திறக்கப் பயன்படும் பாப்ளர் என்ற கட்டற்ற மென்பொருளில், 2022 ஆகஸ்ட் கடைசி வரைக்கும் திறந்தே கிடந்தது. நடுவில் பதினோரு மாதத்துக்கும் மேல். அந்தப் பதினோரு மாதத்தில் என்ன நடந்தது என்பதைவிட, என்ன நடக்காமல் போனது என்பதுதான் என்னை ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது.

கேள்வி எளிமையானது. இன்னொருவர் செய்த பொருளை நாம் பிரதி எடுத்துக்கொள்கிறோம். நம் பிரதியில் ஒரு பிழையைப் பார்த்துத் திருத்துகிறோம். அத்தோடு நம் வேலை முடிந்ததா? எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போய் "உங்களிடமும் இது இருக்கும், பாருங்கள்" என்று சொல்லும் கடமை நமக்கு உண்டா? சட்டம் இதில் எதுவும் கேட்பதில்லை. உரிமமும் கேட்பதில்லை. ஆனாலும் கடமை உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

*

முதலில், இதெல்லாம் யாருக்கு நடக்கிறது?

நான் இருப்பது புதுச்சேரி. சின்னச் சின்ன அலுவலகங்கள், கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இந்த ஊரில் காகிதத்துக்கு எடை அதிகம். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியரானார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரான்சுக்காரர், தம்பி இந்தியர் என்று பிரிந்தது ஒரு தாளால்தான். சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் தாத்தாவின் பிறப்புச் சான்றை, கல்யாணப் பதிவை, பழைய ராணுவக் காகிதத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி எங்கெங்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த பிடிஎஃப்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் ஜெராக்ஸ் கடை. நான் பார்த்துக்கொள்ளும் கணினிகளில் ஒன்று அப்படி ஒரு கடையில் இருக்கிறது. லினக்ஸ் போட்டிருக்கிறேன். கடைக்கார அக்கா ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறக்கிறார். வாட்ஸாப்பில் வருவது, மின்னஞ்சலில் வருவது, பென்டிரைவில் வருவது எல்லாமே முன்பின் தெரியாதவர்களுடையது. பாதுகாப்புப் பாடம் எடுக்கிறவர்கள் முதலில் சொல்வது, "தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள்" என்பது. இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"தம்பி, தெரிஞ்சவங்க ஃபைல மட்டும் தொறந்தா நான் கடைய மூடிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தெரியாதவங்க குடுக்கறத தொறக்கறதுதான்பா என் தொழிலே."

சரியாகத்தான் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர், வழக்கறிஞரின் குமாஸ்தா, பத்திரிகையாளர், தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குபவர், வேலைக்கு ஆள் எடுப்பவர் என்று தெரியாதவர்களின் கோப்பைத் திறப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் ஏராளம். அவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்வதில் அர்த்தமே கிடையாது. அவர்களுக்குப் பாதுகாப்பு என்றால், கோப்பைத் திறக்கும் மென்பொருள் ஒழுங்காக இருப்பது. அவ்வளவுதான்.

*

பிடிஎஃப் என்பது ஒரு படம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கட்டளைகளின் பட்டியல். இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்தில் வை, இந்தப் படத்தை விரி, இவ்வளவு பெரிதாக்கு. அந்தக் கட்டளைகளைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுவது பாப்ளர் போன்ற மென்பொருளின் வேலை. ஆனந்தரங்கப் பிள்ளையின் ஊரில் இதைத் துபாஷி வேலை என்று சொன்னால் சட்டென்று புரியும். வந்தவர் பேசும் மொழி துரைக்குத் தெரியாது. துரையின் மொழி வந்தவருக்குத் தெரியாது. நடுவில் நிற்கிறவர் இரண்டையும் கேட்டாக வேண்டும். இந்த மென்பொருள் துபாஷிக்கு ஒரு பலவீனம் உண்டு. கேட்டதைச் சொல்வதோடு நிற்காமல், வந்தவர் சாமர்த்தியமாகப் பேசினால் அவர் சொன்னபடி ஆடவும் தொடங்கிவிடும்.

நம் கதையில் அந்தச் சாமர்த்தியம் ஜேபிக்-2 என்ற பட வடிவத்தில் ஒளிந்திருந்தது. ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் பக்கங்களைச் சின்னதாகச் சுருக்குவதற்கான பழைய வழி அது. அச்சுக்கோர்ப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பக்கம் முழுக்க ஆயிரம் 'க' இருந்தால் ஆயிரம் படங்களைச் சேமிக்க வேண்டாம். ஒரு 'க'வை மட்டும் எழுத்துப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, எங்கெங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் ஆபத்தும் உண்டு. 2013ல் டேவிட் கிரீஸல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர் இயந்திரங்கள் நகலெடுக்கும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது. ஒன்றுபோல் தெரிந்த இரண்டு எழுத்துகளை ஒன்றே என்று இயந்திரம் முடிவு செய்துவிட்டது. அதற்குக் காரணமும் இதே ஜேபிக்-2 சுருக்கல்தான்.

2021ல் வெளிப்பட்ட ஓட்டை வேறு. ஒரு பக்கத்தை விரிக்க எத்தனை எழுத்துப் பெட்டிகள் தேவையோ, அவற்றில் இருக்கும் எழுத்துகளை எல்லாம் மென்பொருள் முதலில் கூட்டிப் பார்க்கிறது. அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்ற அளவில் ஒரு தட்டைத் தயார் செய்கிறது. பிறகு எழுத்துகளை அதில் அடுக்குகிறது. கூட்டுத்தொகையை எழுதி வைக்கும் இடம் 32 பிட். அதில் அதிகபட்சம் 429 கோடி சொச்சம்தான் எழுத முடியும். அதைத் தாண்டினால் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் முள் 99999க்கு அப்புறம் 00000க்குப் போவதுபோல, எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். தாக்குபவர் வேண்டுமென்றே எண்ணிக்கையை ஊதிப் பெருக்கி அந்த எல்லையைத் தாண்டவைக்கிறார். மென்பொருள் குட்டித் தட்டு ஒன்றைத் தயார் செய்துகொண்டு மலைபோல எழுத்துகளை அடுக்கத் தொடங்குகிறது. தட்டு நிரம்பி வழிந்து, பக்கத்தில் இருக்கும் வேறு சாமான்கள் மேல் விழுகிறது. அந்தப் பக்கத்துச் சாமான்கள்தான் கணினியின் நினைவகம்.

வழிந்து விழுவதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு அந்தத் தாக்குதலைப் பிரித்துப் பார்த்து 2021 டிசம்பரில் விரிவாக எழுதியது. 70,000க்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் படக் கட்டளைகளைக் கோத்து, அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு சிறிய கணினியைக் கட்டியிருந்தார்கள். கூட்டுவதற்கு ஒன்று, ஒப்பிடுவதற்கு ஒன்று என எல்லாப் பாகங்களோடும். பெயர் .ஜிஃப் என்று முடியும்; உள்ளே இருப்பதோ பிடிஎஃப். குறுஞ்செய்தியாக வந்து விழும். யாரும் அதைத் தொட வேண்டியதுகூட இல்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் அதை ஒரு சவூதிச் செயல்பாட்டாளரின் கைபேசியிலிருந்து கண்டெடுத்தது. செய்தது இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓ என்று சொன்னது. பெகாசஸ் என்ற பெயர் நமக்கும் பழக்கம்தான்.

"சரி, நம்ம ஊர்ல ஜெராக்ஸ் எடுக்கறவங்களுக்கு இதுல என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இவ்வளவு விலையுயர்ந்த ஆயுதத்தை யாரும் என் அக்காவின் கடை மேல் வீசப்போவதில்லை. ஆனால் கணினிக்குள் வந்து விழும் ஒரு கோப்பு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு நாம் சவூதி வரைக்கும் போக வேண்டாம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சாமி 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானார். 2021 ஜூலை 5ல், 84 வயதில், காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் வெளிவந்த தன் அறிக்கையில், அவருடைய கணினி பல வருடங்கள் ஊடுருவப்பட்டிருந்தது என்றும், அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்றும் சொன்னது. புலனாய்வு முகமை இத்தகைய முடிவுகளை ஏற்கவில்லை. அங்கே நடந்தது நான் மேலே விவரித்த ஓட்டை வழியாக அல்ல. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. நான் சொல்ல வருவது, கணினியில் கிடக்கும் ஒரு கோப்பு ஒரு கிழவரைச் சிறைக்கு அனுப்பும் சாட்சியாக நிற்கும் நாட்டில் நாம் இருக்கிறோம் என்பதை மட்டும்தான். அப்படிப்பட்ட நாட்டில், கோப்பைத் திறக்கும் மென்பொருளில் ஓட்டை இருப்பது ஏதோ பொறியாளர்களின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது.

*

இனி வம்சாவளிக்கு வருவோம்.

டெரெக் நூன்பர்க் என்பவர் 1995ல் எக்ஸ்பிடிஎஃப் என்ற மென்பொருளை வெளியிட்டார். மூல நிரலை யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம். 2005ல் அதிலிருந்து கிளை பிரிந்து பாப்ளர் வந்தது. லினக்ஸில் பிடிஎஃப் திறக்கும் பல செயலிகளின் வயிற்றுக்குள் இருப்பது அதுதான். எக்ஸ்பிடிஎஃப்பின் ஜேபிக்-2 பகுதியை ஆப்பிளும் தன் மென்பொருளுக்குள் எடுத்து வைத்திருந்தது. ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். இன்னும் எத்தனையோ பேரப்பிள்ளைகள். கணித நூல்களை அச்சுக்குத் தயாரிக்கும் டெக் மென்பொருளுக்குள்கூட எக்ஸ்பிடிஎஃப்பின் துண்டு உண்டு.

இப்படி ஒரு மரத்தை வரைந்து பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955ல் ழான் ஃபிலியோஸாவால் தொடங்கப்பட்டது. அங்கும் இங்குள்ள தூரகிழக்குப் பிரெஞ்சுக் கல்லூரி மையத்திலுமாக இருக்கும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பனையோலை நம் வெயிலிலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொரு நூலையும் யாராவது பார்த்துப் பெயர்த்தெழுதிக்கொண்டே இருந்தார்கள். எழுதுகிறவர் கை தவறினால் அந்தப் பிழை அடுத்த ஏட்டுக்குப் போகும். அதைப் பார்த்து எழுதுகிறவர் அதையும் சேர்த்தே எழுதுவார். என்.ஆர். பட் போன்றவர்கள் ஆகமங்களைப் பதிப்பித்தபோது செய்த வேலை, பல ஊர் ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது. அந்த வேலையில் ஒரு பழைய விதி உண்டு. இரண்டு ஏடுகள் சரியாக ஒத்துப்போவதை வைத்து உறவைத் தீர்மானிக்க முடியாது. சரியான பாடம் எங்கும் சரியாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறினால்தான் அவை ஒரே தாயின் பிள்ளைகள் என்று தெரியும்.

ஆப்பிளின் நிரலும் பாப்ளரின் நிரலும் அப்படித்தான் ஒரே இடத்தில் தவறின. கூட்டுத்தொகை எல்லை தாண்டுகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை எக்ஸ்பிடிஎஃப்பில் விடுபட்டிருந்தது. அதைப் பார்த்து எழுதிய எல்லோரிடமும் அது விடுபட்டிருந்தது.

ஆனால் ஏட்டுப் பிழைக்கும் நிரல் பிழைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஏட்டில் இருக்கும் பிழை சும்மா கிடக்கும். முந்நூறு வருடம் கழித்து ஒரு பதிப்பாசிரியர் வந்து பொறுமையாகக் கண்டுபிடிக்கலாம். நிரலில் இருக்கும் பிழை அப்படிச் சும்மா கிடப்பதில்லை. ஒரு வீட்டில் அதைத் திருத்திய நாளிலிருந்து, மற்ற வீடுகளில் அது இருக்கிறதா என்று தேடிப் போகிறவர்களுக்கு வழி தெரிந்துவிடுகிறது. திருத்தமே வழிகாட்டி. எந்த வரியில் என்ன சேர்த்தார்கள் என்று பார்த்தால், அது இல்லாத இடங்களில் எப்படி நுழையலாம் என்று புரியும். ஆக, ஒருவர் தன் பிரதியை மட்டும் திருத்திக்கொள்ளும்போது மற்றவர்களின் நிலைமை முன்பிருந்ததைவிட மோசமாகிறது. இந்த ஒரு காரணத்தாலேயே, "என் வேலையை நான் முடித்துவிட்டேன்" என்று அவர் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

*

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 2021 செப்டம்பர் 7, சிட்டிசன் லேப் ஆப்பிளிடம் சொல்கிறது. ஆறே நாளில், செப்டம்பர் 13ல், ஆப்பிள் திருத்தத்தை வெளியிடுகிறது. பாராட்ட வேண்டிய வேகம். டிசம்பர் 15, பிராஜெக்ட் ஜீரோவின் விரிவான கட்டுரை. அதில் இந்த ஜேபிக்-2 நிரல் எக்ஸ்பிடிஎஃப்பிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். 2022 ஏப்ரல், எக்ஸ்பிடிஎஃப் 4.04 பதிப்பில் திருத்தம் வருகிறது. 2022 ஆகஸ்ட் கடைசியில் பாப்ளரில் திருத்தம். செப்டம்பரில் 22.09 பதிப்பு. அதன்பின் டெபியன், உபுண்டு எல்லாம் ஒவ்வொன்றாக.

இதில் மறைத்தவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உலகமே படிக்கும் இடத்தில், பெயர் சொல்லி, எந்த நிரல் என்று சொல்லி எழுதியாயிற்று. பொறியாளர்கள் வியந்து வியந்து பகிர்ந்தார்கள். நானும் படித்தேன்; படத்துக்குள் ஒரு கணினியா என்று வாய் பிளந்தேன். அப்படியும் பாப்ளரில் அந்த ஒற்றைச் சோதனை சேர எட்டு மாதத்துக்கு மேல் ஆனது.

ஊருக்குச் சொல்வதும் ஒருவரிடம் சொல்வதும் வேறுவேறு வேலை. இது நமக்குத் தெரியாததல்ல. கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு "எல்லாருக்கும் சொல்லியாச்சே" என்றால் எந்தச் சித்தப்பாவாவது வருவாரா? நேரில் போய், தட்டில் வைத்துக் கொடுத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொன்னால்தான் அது அழைப்பு. இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்தும் "எங்கள முறையா கூப்புடலயே" என்ற பேச்சு வரும். முகம் பார்த்துச் சொல்லும்போது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நடுவில் ஒரு பொறுப்பு உண்டாகிறது. கேட்டவர் இனி "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. பொதுவில் அறிவிக்கும்போது அந்தப் பொறுப்பு எல்லோர் மேலும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்கப்பட்டு யார் மேலும் ஒட்டாமல் போகிறது. எல்லோரும் படித்தோம். எல்லோரும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டோம்.

2023 செப்டம்பரில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்தோம். வெப்பி என்ற பட வடிவத்தைத் திறக்கும் கட்டற்ற நூலகத்தில் ஓட்டை. இம்முறை ஆப்பிளும் சிட்டிசன் லேப்பும் கூகுளிடம் சொல்ல, செப்டம்பர் 11ல் குரோமில் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் ஓட்டைக்குக் கொடுத்த அடையாள எண்ணில் அதைக் குரோம் உலாவியின் பிரச்சினை என்று பதிவு செய்தார்கள். அந்த நூலகத்தை உள்ளே வைத்திருக்கும் வேறு எத்தனையோ செயலிகளின் ஆட்கள், "நமக்கும் குரோமுக்கும் என்ன சம்பந்தம்" என்று இருக்க வாய்ப்பானது. சில நாள் கழித்து நூலகத்தின் பெயரில் தனி எண் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று அதையும் விலக்கிக்கொண்டார்கள். சேதி சொன்னால் மட்டும் போதாது, எந்த வீட்டின் சேதி என்று சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

*

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் உண்டு. மூன்றையும் நண்பர்களிடமிருந்து கேட்டிருக்கிறேன்.

முதலாவது, யார் யார் பிரதி எடுத்தார்கள் என்று மூலத்தை எழுதியவருக்கே தெரியாது. எல்லோரிடமும் போய்ச் சொல் என்றால் எப்படி? உண்மைதான். மூலத்தை எழுதியவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் கடமை பிரதி எடுத்தவர் பக்கம் போகிறது. தாய்க்குத் தன் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் போகலாம். எந்தப் பிள்ளைக்கும் தன் தாய் யார் என்று தெரியும். எடுத்தவர் எடுத்த இடத்துக்குப் போய்ச் சொன்னால் மூலம் திருந்தும். மூலத்தின் மேல் ஒரு கண் வைத்திருப்பது மற்ற பிள்ளைகளின் பொறுப்பு. இரண்டு பக்கமும் ஓரடி நடந்தால் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, உரிமத்தைப் படி என்பார்கள். இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துத்தானே கொடுக்கிறார்கள்? ஆமாம். மூல நிரலைக் கொடு, எடுத்தவர் பெயரைப் போடு, மாற்றி விநியோகித்தால் மாற்றத்தையும் கொடு என்பதெல்லாம் கட்டற்ற உரிமங்களில் இருக்கிறது. ஓட்டை கண்டால் போய்ச் சொல் என்பது இல்லை. ஆனால் உரிமம் எழுதப்பட்டது நீதிமன்றத்துக்காக. அண்டைவீட்டாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று நாம் பத்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தமிழில் கடன் என்ற ஒரே சொல்தான், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதற்கும், செய்தாக வேண்டிய கடமைக்கும். இலவசமாக எடுத்துக்கொண்ட நிரலுக்குப் பணமாகத் திருப்பித் தர ஒன்றுமில்லை. திருப்பித் தர முடிந்தது அதைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது மட்டும்தான்.

மூன்றாவது வாதத்துக்குத்தான் என்னிடம் சுலபமான பதில் இல்லை. சொல்லிவிட்டாய், சரி, கேட்டவர் திருத்த வேண்டுமே? எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒருவர். வேலை முடித்து வந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்குக் கணினி முன் உட்காருபவர். நாம் கொண்டுபோகும் ஒவ்வொரு சேதியும் அவருக்கு ஒரு சுமை. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அவர் எழுதியதை வைத்துச் சம்பாதிக்கின்றன. ஓட்டை என்றால் மட்டும் அவர் வாசலில் வந்து நிற்கின்றன.

கிராமங்களில் கேதம் சொல்லிப் போவது என்று ஒரு வேலை இருந்தது. சாவுச் சேதியை ஊர் ஊராகக் கால்நடையாகக் கொண்டுபோய்ச் சொல்வது. அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்று நமக்குத் தெரியும். தலித் மக்கள் மேல் சாதி சுமத்திய ஊழியம் அது. மாட்டேன் என்று சொல்ல முடியாது. விரும்பி எடுத்துக்கொண்ட ஒரு நிரலாளரின் வேலையை அதோடு சமமாக வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கெட்ட சேதி கட்டாயம் போய்ச் சேர வேண்டும் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதைச் சுமப்பவருக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் ஊர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டது. அதனால் நான் சொல்லும் கடன் "இங்கே ஓட்டை இருக்கிறது" என்ற ஒரு வரியோடு தீர்ந்துபோவதல்ல. கையில் வசதி இருப்பவர் திருத்தத்தையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஆறு நாளில் தன் வீட்டை அடைக்கத் தெரிந்தவருக்கு, ஏழாம் நாள் அந்தச் சில வரிகளை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது பெரிய செலவல்ல. எங்களைப் போன்ற சின்ன ஆட்களால் சோதித்துப் பார்த்துச் சொல்ல முடியும். "இந்தக் கோப்பைத் திறந்தால் விழுகிறது, இந்தப் பதிப்பில், இந்த வரியில்" என்று தெளிவாக எழுதினாலே எதிர்முனையில் இருப்பவருக்கு ஓர் இரவு மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் இன்னொருவரின் கணினியில் ஓட்டை பார்த்துச் சொல்லப் போனால், "நீ எதுக்கு என் கதவைத் தொட்ட?" என்று கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் அனுமதியில்லாமல் நுழைவதைப் பற்றிப் பேசுகின்றன. நல்லெண்ணத்தோடு வந்தவர் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். மூல நிரல் திறந்திருக்கும் மென்பொருளில் அந்தப் பயம் இல்லை. என் மேசையில், என் பிரதியில் உட்கார்ந்து நான் தேடலாம். படிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கட்டற்ற மென்பொருளை இலவசம் என்று மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். கேட்காமலே உள்ளே வந்து பார்க்கலாம் என்ற உரிமை அது. அப்படி ஓர் உரிமையை அனுபவித்துவிட்டுப் பார்த்ததைச் சொல்லாமல் போவது, திறந்த வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு, அடுப்பில் தீ பரவுவதைப் பார்த்தும் பேசாமல் இறங்கிப் போவது மாதிரிதான்.

*

2022 செப்டம்பரில் உபுண்டுவுக்குத் திருத்தம் வந்த அன்று அக்காவின் கடைக்குப் போனேன். பாப்ளரைப் புதுப்பிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி நேரமெல்லாம் அந்த நிரல் வேறு எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுவதில் போனது. பிடிஎஃப்பைத் திறக்கும் செயலி பாப்ளரை வெளியிலிருந்து இரவல் வாங்குகிறது, அதனால் தானாகவே சரியாகிவிட்டது. தனக்கென்று ஒரு பிரதியை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்த ஒரு பழைய செயலி மட்டும் அப்படியே இருந்தது. அதை நீக்கினேன். அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்துக்கொண்டே கேட்டார்:

"இன்னா தம்பி, எதுனா பெரிய கோளாறா?"

"இல்லக்கா. வேற ஒருத்தர் வீட்ல போன வருஷமே கண்டுபுடிச்ச கோளாறு. நம்ம வீட்டுக்கு இப்பத்தான் சேதி வந்திருக்கு."

"ஒரு வருஷமாவா வந்துது?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாப்ளரின் அந்த ஜேபிக்-2 கோப்பைத் திறந்தால் முதலில் வருவது நிரல் அல்ல. மூலத்தை எழுதிய நிறுவனத்தின் பெயர், ஆண்டு. அதற்குக் கீழே, பாப்ளர் திட்டத்தின்கீழ் மாற்றப்பட்டது என்ற குறிப்பு. அதற்கும் கீழே, யார் யார் எந்த ஆண்டில் கை வைத்தார்கள் என்று வரிசையாகப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகளோடு. ஏடு எழுதி முடித்தவர் கடைசி ஓலையில் தன் பெயரையும் நாளையும் எழுதி, பிழை இருந்தால் பெரியோர் பொறுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் பழைய மரபை அது எனக்கு ஞாபகப்படுத்தும். மென்பொருளுக்குள் இன்னொருவரின் நிரலை எடுத்து வைக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது இதைத்தான். எங்கிருந்து எடுத்தீர்கள், எந்தப் பதிப்பை, எந்த நாளில் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வருடத்துக்கு நான்கு தடவையாவது அந்த இடத்துக்குப் போய் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எதையாவது திருத்தினால், அன்றைக்கே அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.